14 வருஷமா நிறையாத செப்டிக் டேங்க்... சந்தோஷப்படலாமா?

“எங்கள் வீட்டு செப்டிக் டேங்க் கட்டி 14 வருடங்கள் ஆகின்றன. இதுவரை ஒருமுறைகூடத் திறந்தது இல்லை. போன மழைக்குப் பிறகு கழிப்பறையில் ஊற்றும் தண்ணீர் இறங்காமல் நிற்கிறது. ‘உங்கள் நிலத்திலேயே கொட்டிக்கொள்ள இடம் கொடுத்தால் பாதி வாடகை போதும், கடலைக்கு நல்ல உரம்’ என்கிறார் லாரிக்காரர். இரண்டு பேர் ராத்திரியில் இறங்கி வாளியில் அள்ளித் தருவதாகவும் சொல்கிறார்கள். எது நல்லது?”

- வாசகர், கீழ்பென்னாத்தூர்.

இரண்டுமே வேண்டாம். ஆளை இறக்குவது உயிருக்கு ஆபத்து, சட்டப்படி குற்றமும்கூட. பச்சைக் கழிவைக் கடலைக் காட்டில் விடுவது நிலத்துக்கும் கிணற்றுக்கும் கேடு. மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. செலவு கொஞ்சம் கூடுதல்தான். ஆனால், அந்தச் செலவு ஏன் வந்தது என்று புரிந்துகொண்டால், அடுத்தமுறை அது பாதியாகக் குறைந்துவிடும்.

இறங்கினால் என்ன ஆகும்?

மூடிக் கிடக்கும் தொட்டியில் காற்று புகாமல் கழிவு அழுகும்போது மீத்தேன், கரியமில வாயு, ஹைட்ரஜன் சல்பைடு ஆகிய வாயுக்கள் உருவாகின்றன. இவற்றில் ஹைட்ரஜன் சல்பைடுதான் எமன். கொஞ்சமாக இருக்கும்போது கூமுட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. ‘இப்ப வாடை இல்ல, இறங்கலாம்’ என்று நினைக்கிற நேரம்தான் ஆபத்தான நேரம். மேலாகப் பார்க்கும்போது வாயு குறைவாகத் தெரியும். கசடைக் கம்பியாலோ காலாலோ கிளறியதும், அதற்குள் அடைபட்டிருந்த வாயு மொத்தமாகக் கிளம்பும். உள்ளே இருப்பவர் ஓரிரு மூச்சில் சுருண்டு விழுந்துவிடுவார்.

இந்த விபத்துகளில் பெரும்பாலும் ஒருவரோடு சாவு நிற்பதில்லை. விழுந்தவரைத் தூக்க அண்ணன் இறங்குகிறார், அவரைத் தூக்க வீட்டுக்காரர் இறங்குகிறார். மூக்கில் கட்டிய துண்டும், குடித்துவிட்டு இறங்கும் தைரியமும் வாயுவைத் தடுக்காது. பழைய கிணற்றில் விளக்கை இறக்கிக் காற்று இருக்கிறதா என்று பார்ப்பது கிராமத்து வழக்கம். அந்த வழக்கத்தை செப்டிக் டேங்கில் செய்துவிடவே கூடாது. மீத்தேன் தீப்பிடித்து வெடிக்கும். மூடியைத் திறந்த இடத்தில் பீடி, சிகரெட், தீக்குச்சி எதுவும் ஆகாது.

எங்கேயாவது யாராவது உள்ளே விழுந்துவிட்டால், பின்னாலேயே இறங்கக் கூடாது. எல்லா மூடிகளையும் திறந்துவிட்டு, 101 அல்லது 112-ஐ அழைக்க வேண்டும். தீயணைப்பு வீரர்கள் சுவாசக் கருவியோடு வருவார்கள். கூடவே 108-க்கும் சொல்ல வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

கையால் மலம் அள்ளும் தொழிலுக்கு ஆட்களை அமர்த்துவதைத் தடை செய்யும் சட்டம் 2013-ல் நிறைவேறி, அந்த ஆண்டு டிசம்பர் 6 முதல் அமலில் இருக்கிறது. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் ஆளை இறக்குவதை இந்தச் சட்டத்தின் 7-வது பிரிவு தடை செய்கிறது. மீறினால் முதல்முறை 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுபடியும் செய்தால் 5 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். இது நகராட்சிக்கும் கான்ட்ராக்டருக்கும் மட்டுமான சட்டம் அல்ல. வேலைக்கு அழைத்த வீட்டுக்காரரும் பதில் சொல்ல வேண்டும். ‘அவங்களா வந்து கேட்டாங்க, நான் கூலிதான் கொடுத்தேன்’ என்ற பேச்சு எடுபடாது.

2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், இப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2023 அக்டோபரில் வந்த தீர்ப்பு அதை 30 லட்சமாக உயர்த்தியது. தலைமுறை தலைமுறையாக ஒரு சில சாதிகளின் தலையில் மட்டும் கட்டப்பட்ட வேலை இது. ராத்திரியில் வந்து செய்து தருகிறேன் என்று அந்த இரண்டு பேர் சொல்வதற்குப் பின்னால், பகலில் பார்த்தால் அவமானம் என்ற வலியும் வேறு பிழைப்பு இல்லாத நிலைமையும் இருக்கலாம். அவர்களுக்குக் கூலி கொடுக்க விரும்பினால், நிலத்தில் வேறு வேலைக்குக் கூப்பிட்டுக் கொடுக்கலாம்.

இந்த நிலைமை எப்படி வந்தது?

‘எங்க வீட்டு டேங்க் பத்து வருஷமா நிறையவே இல்ல’ என்று பெருமையாகச் சொல்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. நல்லபடியாகக் கட்டிய செப்டிக் டேங்க் அப்படி இருக்காது. அதற்குள் போகும் கழிவு மூன்று அடுக்காகப் பிரியும். அடியில் கசடு தங்கும். மேலே ஏடு மிதக்கும். நடுவில் இருக்கும் தெளிந்த நீர் மட்டும் குழாய் வழியாக வெளியேறி உறிஞ்சு குழிக்குப் போகும். அடியில் தங்கும் கசடை நுண்ணுயிர்கள் தின்று குறைத்தாலும், முழுசாகக் கரைத்துவிடாது. மிச்சம் சேர்ந்துகொண்டேதான் வரும்.

இந்திய தர நிர்ணய அமைப்பின் செப்டிக் டேங்க் விதிப்படி, 5 பேர் இருக்கும் வீட்டுக்கு சுமார் 5 அடி நீளம், இரண்டரை அடி அகலம், மூன்றரை அடி நீர் ஆழம் உள்ள தொட்டி போதும். ஆனால், அதை 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும். கிராமங்களில் நடப்பது வேறு. ‘பெருசா கட்டிட்டா ஆயுசுக்கும் கவலை இல்ல’ என்று அறை அளவுக்குக் கட்டிவிடுகிறோம். அதில் கசடு பல வருடம் சேர்ந்து, கீழ் அடுக்கு களிமண் மாதிரி இறுகிவிடுகிறது. லாரிக் குழாய் வந்து உறிஞ்சினால் தண்ணீர் மட்டும் வரும், கசடு வராது. ‘ஆளை இறக்கினாத்தான் முடியும்’ என்ற பேச்சு அங்கேதான் ஆரம்பிக்கிறது. 2, 3 வருடங்களுக்கு ஒருமுறை லாரியைக் கூப்பிடும் வீட்டில் ஆள் இறங்க வேண்டிய தேவையே வராது. தள்ளிப்போட்ட ஒவ்வொரு வருடமும் ஒரு மனுஷனை அந்தக் குழிக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறது.

நிறையாமல் இருந்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். செப்டிக் டேங்க் என்று சொல்லப்படும் பல தொட்டிகள், உண்மையில் சிமென்ட் உறை இறக்கிய, அடிப்பக்கம் திறந்த குழிகள். கழிவுநீர் முழுக்க மண்ணுக்குள் இறங்கிவிடுவதால் அது நிறைவதில்லை. திருவண்ணாமலை மாவட்டம் பெரும்பாலும் கடினப் பாறை பூமி. மேல்மண்ணுக்குக் கீழே, பாறை வெடிப்புகள் வழியாகத்தான் கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும் தண்ணீர் ஊறுகிறது. மண்ணில் மெதுவாக வடிந்து சுத்தமாகும் தண்ணீர் வேறு, வெடிப்பு வழியாக ஓடிவரும் தண்ணீர் வேறு. குழியில் இறங்கிய கழிவு, வெடிப்பு கிடைத்தால் சுத்தமாகாமலேயே கிணற்றுக்குப் போய்விடும்.

எனவே, தொட்டியைத் திறக்கும்போதே அடித்தளம் இருக்கிறதா என்று கட்டிய மேஸ்திரியிடம் விசாரித்துவிடுவது நல்லது. உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையில் குறைந்தது 60 அடி இருக்க வேண்டும் என்கிறது அதே விதி. பாறை பூமியில் இன்னும் தள்ளி இருந்தால் நல்லது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்தித் தண்ணீரைப் பரிசோதிக்கலாம். நைட்ரேட்டும், மலத்தில் இருந்து வரும் கிருமிகளும் இருக்கின்றனவா என்று கேட்டு வாங்க வேண்டும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லி கிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக் கூடாது. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இது மிக முக்கியம். நைட்ரேட் கூடிய தண்ணீரில் பால் கலக்கிக் கொடுத்தால், குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் சக்தியை இழக்கும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது.

லாரி வரும் நாளில்...

கீழ்பென்னாத்தூர் பேரூராட்சி என்பதால், முதலில் பேரூராட்சி அலுவலகத்தில் உரிமம் பெற்ற லாரிகளின் விவரத்தைக் கேட்கலாம். செப்டிக் டேங்க் சுத்தம் செய்வதற்கான உதவி எண் 14420. தமிழ்நாடு அரசு 2014-ல் வெளியிட்ட கழிவுக்கசடு மேலாண்மை வழிகாட்டு நெறிமுறைகளின்படி, இந்த லாரிகள் உள்ளாட்சியில் பதிவு செய்திருக்க வேண்டும். எடுத்த கழிவை அதற்கென்று குறிக்கப்பட்ட சுத்திகரிப்பு நிலையத்தில்தான் இறக்க வேண்டும். ஏரி, ஓடை, வாய்க்கால், ஆள் இல்லாத புறம்போக்கு என்று கண்ட இடத்தில் திறந்துவிடக் கூடாது. ‘எங்கே கொண்டுபோய் இறக்குவீங்க?’ என்ற ஒரு கேள்வியை வாடகை பேசும்போதே கேட்டுவிட வேண்டும். பதில் மழுப்பலாக இருந்தால் வேறு லாரி பார்க்கலாம்.

• மூடிகளைத் திறந்து ஒரு மணி நேரமாவது காற்றாட விட வேண்டும். குழந்தைகளும் ஆடு மாடுகளும் பக்கத்தில் வராமல் ஓர் ஆள் நிற்க வேண்டும். காற்றாட விட்டாலும் ஆள் இறங்கக் கூடாது.

• 14 வருடக் கசடு ஒரே இழுப்பில் வராது. லாரிக்காரர் முதலில் தண்ணீரை உறிஞ்சி, அதையே வேகமாகத் திரும்பத் தொட்டிக்குள் பீய்ச்சி அடித்தால், இறுகிய கசடு உடைந்து குழம்பாகும். பிறகு உறிஞ்சலாம். மேலே நின்றபடி நீளமான கழியால் கலக்கிவிடலாம். குனிந்து உள்ளே தலையை நீட்டக் கூடாது. இரண்டு நடை ஆனாலும் இதுதான் வழி.

• கசடு முழுவதையும் வழித்து எடுக்கத் தேவையில்லை. அடியில் கொஞ்சம் விட்டுவைத்தால், மோருக்கு உறை மாதிரி, அடுத்த கழிவைச் செரிக்கத் தேவையான நுண்ணுயிர்கள் அதில் இருக்கும்.

• காலியான தொட்டியை பினாயில், ஆசிட், பிளீச்சிங் பவுடர் ஊற்றிக் கழுவக் கூடாது. நுண்ணுயிர்கள் செத்துப்போனால் தொட்டி வெறும் சேமிப்புக் கிடங்காகிவிடும். தொட்டியைத் தேய்த்துக் கழுவவே தேவையில்லை.

• மழைக் காலத்தில், நிலத்தடி நீர் மேலே இருக்கும்போது முழுசாகக் காலி செய்யாமல் இருப்பது நல்லது. பிளாஸ்டிக் தொட்டியாக இருந்தால் தண்ணீரின் உந்துதலில் மேலே தூக்கிவிடும். கழிவு எடுத்ததும் பாதி அளவுக்காவது நல்ல தண்ணீர் விட்டு வைக்கலாம்.

• மூடியைச் சிமென்ட் வைத்து அடைத்து, மேலே டைல்ஸ் ஒட்டிவிடும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். திறக்க முடியாத தொட்டியை யாரும் நேரத்துக்குத் திறப்பதில்லை. அதே நேரத்தில், குழந்தை தூக்க முடியாத கனத்தில் மூடி இருக்க வேண்டும்.

அடுத்த முறை எப்போது எடுப்பது என்பதை ஊகிக்கத் தேவையில்லை. வருடத்துக்கு ஒருமுறை நீளமான மூங்கில் கழியில் பழைய வெள்ளை வேட்டித் துணியைச் சுற்றிக் கட்டி, மெதுவாக அடிவரை இறக்கி, சில நிமிடங்கள் கழித்து எடுத்தால், கசடு இருந்த உயரம் வரை துணி கறுப்பாக இருக்கும். நீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கை அது தொட்டுவிட்டால் லாரியைக் கூப்பிட வேண்டும். காற்று வீசும் பக்கம் நின்றுகொண்டு, தள்ளி நின்றே இதைச் செய்ய வேண்டும்.

உரம்தானே... ஏன் வயலில் விடக் கூடாது?

லாரிக்காரர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அதில் சத்து உண்டு. பெங்களூரு ஓரத்து ஊர்களில் இந்த லாரிக் கழிவைக் காசு கொடுத்து வாங்கி வாழைக்கும் தென்னைக்கும் விட்ட விவசாயிகள் உண்டு. ஜப்பானில் பழைய எடோ நகரத்து வீடுகளின் கழிவை, சுற்றுவட்டார விவசாயிகள் காய்கறியும் பணமும் கொடுத்து எடுத்துப் போனார்கள். ஆனால், மனிதக் கழிவில் உள்ள தழைச்சத்தில் பெரும்பகுதி சிறுநீரில்தான் இருக்கிறது. அது செப்டிக் டேங்கில் தண்ணீரோடு கரைந்து வெளியே போய்விடுகிறது. கசடில் மிஞ்சுவது ‘நல்ல உரம்’ என்ற பேருக்கு ஏற்ற அளவு இருக்காது.

மிஞ்சும் இன்னொரு பாதி, கிருமிகளும் குடல் புழு முட்டைகளும். உருண்டைப் புழுவின் முட்டை, ஈரமான மண்ணில் மாதக் கணக்கில், சில நேரம் வருடக் கணக்கில் உயிரோடு இருக்கும். கொக்கிப் புழு, வெறுங்காலோடு நடப்பவரின் பாதத் தோல் வழியாகவே உடம்புக்குள் புகுந்து ரத்தத்தை உறிஞ்சும். களை எடுக்கும் பெண்களுக்கு ரத்தசோகை வந்தால் அதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இதில் கடலைதான் மிக மோசமான தேர்வு. காய் மண்ணுக்குள்ளேயே விளைகிறது. பிடுங்கி, கையால் ஆய்ந்து, வயல் ஓரத்திலேயே பச்சையாகத் தின்பது நம் ஊர் வழக்கம். கீரை, வெங்காயம், முள்ளங்கி, கிழங்குகளுக்கும் இதே கதைதான். போதாக்குறைக்கு நாப்கின், பிளாஸ்டிக், பினாயில், மாத்திரை என்று வீட்டில் போட்ட எல்லாமே அந்தக் கழிவில் இருக்கும். லாரிக்காரர் இறக்கப்போவது ஒரு வீட்டுக் கழிவு மட்டும்தானா என்பதும் தெரியாது.

அப்படியானால் எப்போது உரமாகும்?

ஆறினால் உரமாகும். உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, நம்மைப் போன்ற வெப்பமான பகுதிகளில், புதுக்கழிவு எதுவும் சேர்க்காமல் ஒரு வருடத்துக்கு மேல் உலர்வாக வைத்திருந்தால்தான் பாதுகாப்பான நிலைக்கு வரும். வைக்கோல், இலை தழையோடு சேர்த்துக் குவித்து, 50 டிகிரிக்கு மேல் சூடேறும்படி மட்க வைப்பது இன்னொரு வழி. குவியலின் ஓரம் சூடேறாமல் போனால் முட்டை பிழைத்துக்கொள்ளும் என்பதால், வெப்பமானியும் அனுபவமும் இல்லாமல் வீட்டில் இதைச் செய்வது சரிவராது.

இதைச் செய்வதற்காகவே கசடு சுத்திகரிப்பு நிலையங்கள் வந்திருக்கின்றன. கர்நாடகாவின் தேவனஹள்ளியில் 2015-ல் தொடங்கிய நிலையம், கசடை உலர்த்தி, மட்க வைத்து விவசாயிகளுக்குக் கொடுத்தது. தமிழ்நாட்டில் முதலாவதாக, மதுராந்தகம் பக்கத்தில் உள்ள கருங்குழி பேரூராட்சியில் 2017-ல் இப்படி ஒரு நிலையம் தொடங்கப்பட்டது. மணலும் ஜல்லியும் பரப்பிய படுகையில் கசடைக் கொட்டினால், தண்ணீர் கீழே வடியும், கசடு மேலே வெயிலில் காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கும். வடிந்த தண்ணீரைத் தனியாகச் சுத்தம் செய்வார்கள். சத்து வேண்டும் என்று ஆசைப்படும் விவசாயி, இப்படிப் பதப்படுத்திய உரத்தைக் கேட்டு வாங்கலாம். அதையும் மரப்பயிர்களுக்கு, குழி எடுத்து வைத்து மூடுவது நல்லது.

இனி கட்டுபவர்களுக்கு...

நிலம் உள்ள குடும்பத்துக்கு செப்டிக் டேங்கைவிடப் பொருத்தமானது இரட்டைக் குழிக் கழிப்பறை. ‘சுலப்’ அமைப்பைத் தொடங்கிய பிந்தேஷ்வர் பாதக் நாடு முழுக்கப் பரப்பிய முறை இது. தூய்மை பாரத இயக்கமும் கிராமங்களுக்கு இதைத்தான் பரிந்துரைக்கிறது. சுவரில் இடைவெளி விட்டுக் கட்டிய இரண்டு குழிகள், நடுவில் ஒரு திருப்புத் தொட்டி. ஒரு குழி நிறைந்ததும் அதை மூடிவிட்டு, அடுத்த குழிக்குத் திருப்பிவிட வேண்டும். மூடிய குழியை ஒன்றரை வருடம் தொடாமல் விட்டால், உள்ளே இருப்பது காப்பித் தூள் மாதிரி, நாற்றமில்லாத மண்ணாகிவிடும். அதை வீட்டுக்காரரே மண்வெட்டியால் அள்ளித் தென்னைக்குப் போடலாம். லாரியும் வேண்டாம், இன்னொருவரின் உயிரும் வேண்டாம். கிணற்றில் இருந்து தள்ளி இருப்பதும், மழைக் காலத்தில் குழியின் அடிக்கு நிலத்தடி நீர் ஏறாமல் இருப்பதும் மட்டும் கட்டாயம். பாறையும் ஊற்றும் மேலேயே இருக்கும் இடத்தில் இந்த முறை வேண்டாம்.

---

“குளிக்கிற தண்ணீர், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் எல்லாவற்றையும் செப்டிக் டேங்குக்கே விட்டிருக்கிறோம். அதைத் தனியாகப் பிரித்து வாழைக்கு விடலாமா?”

- வாசகி, கீழ்பென்னாத்தூர்.

தாராளமாகப் பிரிக்கலாம். கழிப்பறைத் தண்ணீரையும் இந்தத் தண்ணீரையும் ஒன்றாக விடுவதால்தான் பல தொட்டிகள் சீக்கிரம் பொங்குகின்றன. குளியல் தண்ணீர் வேகமாக வந்து விழும்போது, அடியில் தங்க வேண்டிய கசடு கலங்கி, உறிஞ்சு குழிக்குப் போய் அதன் கண்களை அடைத்துவிடும்.

சமையலறைத் தண்ணீரில் சோற்றுப் பருக்கையும் எண்ணெயும் இருக்கும். அதை முதலில் ஒரு சின்னத் தொட்டியில் தேக்கி, வலை வைத்து வடிகட்டி விட வேண்டும். தொட்டியை வாரம் ஒருமுறை வழித்து எடுத்தால் போதும். பிறகு, கல்வாழை, சேப்பங்கிழங்கு நட்ட சின்ன வாய்க்கால் வழியாக வாழை, தென்னை, முருங்கைக்குப் பாய்ச்சலாம். அந்தச் சேப்பங்கிழங்கை மட்டும் சமையலுக்குத் தோண்ட வேண்டாம். பச்சையாகச் சாப்பிடும் காய்கறிக்கும் கீரைக்கும் இந்தத் தண்ணீர் வேண்டாம். ஒரு நாளுக்கு மேல் தேக்கி வைத்தால் நாற்றமும் கொசுவும் வரும்.

சோப்பிலும் சலவைத் தூளிலும் சோடியம் உண்டு. ஒரே இடத்தில் வருடக் கணக்கில் விட்டால், மண் இறுகித் தண்ணீர் உறிஞ்சாமல் போகும். அதனால், ஒரு மரத்துக்கே விடாமல் மாற்றி மாற்றி விட வேண்டும். சலவை சோடா, பிளீச்சிங் கலந்த தண்ணீரைத் தவிர்க்க வேண்டும்.

---

“செஞ்சி ரோட்டு ஓரத்தில் எங்கள் மாந்தோப்பு இருக்கிறது. பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் திருவண்ணாமலை வருகிற சிலர் கேரவன் வண்டியில் வந்து தோப்பில் தங்கிக்கொள்ள இடம் கேட்கிறார்கள். வண்டியின் கழிவுத் தொட்டியைத் தோப்பிலேயே திறந்துவிடலாமா என்கிறார்கள். அல்லது எங்கள் செப்டிக் டேங்கில் விடலாமா?”

- வாசகர், கீழ்பென்னாத்தூர்.

கேரவனில் பெரும்பாலும் இரண்டு கழிவுத் தொட்டிகள் இருக்கும். ஒன்று கழிப்பறைக் கழிவுக்கு, மற்றது குளியல், கை கழுவும் தண்ணீருக்கு. இரண்டாவது தொட்டியின் தண்ணீரை மேலே சொன்னபடி மரங்களுக்கு விடலாம். கழிப்பறைத் தொட்டியைத் தோப்பில் திறக்க அனுமதிக்கக் கூடாது. வண்டியில் தண்ணீர் குறைவாகவே ஊற்றுவார்கள் என்பதால், வீட்டுக் கழிவைவிட அது கெட்டியாக இருக்கும். கீழே விழுந்த மாம்பழத்தைப் பொறுக்கும் இடத்தில் அது கிடப்பது யாருக்கும் நல்லதல்ல.

வீட்டு செப்டிக் டேங்கில் விடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: ‘தொட்டியில் நாற்றத்துக்கு மருந்து போட்டிருக்கிறீர்களா?’ நீல நிறத்தில் ஊற்றும் அந்த மருந்துகள் சிலவற்றில் ஃபார்மலின் போன்ற கிருமிக்கொல்லிகள் உண்டு. அது செப்டிக் டேங்கில் வேலை செய்யும் நுண்ணுயிர்களையும் கொன்றுவிடும். மருந்து போட்ட கழிவை லாரி வைத்துத்தான் எடுக்க வேண்டும். மருந்து போடாத கழிவு, ஒரு வண்டி அளவுக்கு என்றால் வீட்டுத் தொட்டி தாங்கும். தீபத்துக்கு வரிசையாகப் பத்து வண்டி வந்தால் தாங்காது.

திறந்துவிடும்போது முதலில் கழிப்பறைத் தொட்டி, அதன் பிறகு குளியல் தண்ணீர்த் தொட்டி என்ற வரிசையில் செய்ய வேண்டும். சோப்புத் தண்ணீரே குழாயைக் கழுவிவிடும். அப்படிக் குழாய் கழுவிய தண்ணீரும் செப்டிக் டேங்குக்குத்தான் போக வேண்டும், மரத்துக்கு வேண்டாம். கழிப்பறைத் தொட்டியின் வால்வை எப்போதும் திறந்தே வைத்திருக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. தண்ணீர் ஓடிவிட்டு, கெட்டியான கழிவு மட்டும் உள்ளே குவியலாகக் காய்ந்துவிடும். மூன்றில் இரண்டு பங்கு நிறையும் வரை வால்வை மூடிவைத்து, பிறகு ஒரே வேகத்தில் திறந்தால்தான் எல்லாம் அடித்துக்கொண்டு போகும். காலியானதும் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி வைக்க வேண்டும். கை உறை போட்டுக்கொள்ள வேண்டும். குடிதண்ணீர் பிடிக்கும் டியூபை இந்த வேலைக்குத் தொடவே கூடாது. கல்யாணம், திருவிழாவுக்கு வாடகைக்கு வரும் நடமாடும் கழிப்பறை டிரெய்லருக்கும் இதே முறைதான்.

தங்க இடம் கொடுத்து வாடகை வாங்க நினைப்பவர்கள், கழிவு எங்கே போகும் என்பதையும் சேர்த்தே பேசி முடிவு செய்வது நல்லது. விருந்தாளி மறுநாள் காலையில் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவார். தோப்பும் கிணறும் இங்கேயேதான் இருக்கும்.